பெட்ரோல் காரின் மைலேஜை மீட்பது: அளவெடுப்பு முதல் ஓட்டும் முறை வரை

பத்து ஆண்டுகளுக்கு மேல் ஓடிய, மேனுவல் கியர் கொண்ட, 1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் உள்ள சிறிய காரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். என்னுடைய கார் அத்தகையது. நண்பர்களும் உறவினர்களும் கொண்டுவந்து நிறுத்திய கார்களும் பெரும்பாலும் அத்தகையவையே. மைலேஜ் குறைந்துவிட்டது என்று வருபவர் முதலில் கேட்பது எதை வாங்கிப் பொருத்த வேண்டும் என்பதுதான். பழைய காரில் புதிதாகப் பொருத்த வேண்டியது மிகக் குறைவு. தேய்ந்ததைச் சரிசெய்வதும், பொருத்தியதைக் கழற்றுவதும், காலைப் பழக்குவதுமே பெரும் வேலை. கீழே உள்ள படிகளை வரிசை மாற்றாமல் செய்ய வேண்டும்; ஒரு படியின் பலன் அதற்கு முந்தைய படியைச் சரியாகச் செய்ததைப் பொறுத்தே தெரியும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

காரோடு வந்த கையேடு, ஒரு சிறு நோட்டுப் புத்தகம், டயர் காற்றழுத்தத்தைக் காட்டும் சொந்த அளவி, இவை மூன்றும் கட்டாயம். காற்றடிக்கும் கடைகளின் மீட்டர்கள் ஒன்றுக்கொன்று இரண்டு மூன்று பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தின் அலகு) வேறுபடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். எனவே எப்போதும் ஒரே அளவியைக் கொண்டு அளப்பது முக்கியம்.

காரின் ஓபிடி முனையில் (பழுதைக் கண்டறிய எஞ்சினின் கணினியோடு இணையும் இடம்) செருகி, கைபேசியில் எஞ்சினின் விவரங்களைப் படிக்கும் சிறிய புளூடூத் கருவி இருந்தால் ஐந்தாம் படியில் உதவும். இல்லாவிட்டால் அந்த ஒரு படிக்கு மட்டும் மெக்கானிக்கிடம் உள்ள ஸ்கேனர் போதும்.

இவற்றோடு இரண்டு மாதங்கள் பொறுமையும் வேண்டும். ஒரே வாரத்தில் டயரை மாற்றி, ஆயிலை மாற்றி, பிளக்கையும் மாற்றியவருக்கு, எதனால் மைலேஜ் கூடியது என்று கடைசிவரை தெரியாது.

2. இப்போதைய மைலேஜை அளக்கவும்

டாஷ்போர்டில் தெரியும் சராசரி எண்ணை நம்ப வேண்டாம். அது எஞ்சினுக்குள் செலுத்தப்படும் எரிபொருளைக் கணித்துச் சொல்வது. பெரும்பாலான கார்களில் அது உண்மையைவிடக் கூட்டியே காட்டுகிறது. பெட்ரோல் முள்ளை வைத்துக் கணக்கிடுவது அதைவிட மோசம்.

செய்ய வேண்டியது இதுதான். ஒரு பங்க்கில், ஒரு குறிப்பிட்ட பம்ப்பில், ஆட்டோ கட் (டேங்க் நிரம்பியதும் குழாய் தானாக நிற்பது) முதல் முறை விழும்வரை நிரப்பி, ஓடோமீட்டர் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். டேங்க் கால் பாகத்துக்கு இறங்கியதும் அதே பம்ப்பில் மறுபடியும் ஆட்டோ கட் வரை நிரப்பி, ஓடிய கிலோமீட்டரை இப்போது நிரப்பிய லிட்டரால் வகுக்க வேண்டும். 412 கிலோமீட்டர் ஓடி, 28.6 லிட்டர் பிடித்தால், மைலேஜ் 14.4. இப்படி மூன்று முறை நிரப்பி, மொத்தக் கிலோமீட்டரை மொத்த லிட்டரால் வகுத்த எண்தான் உங்கள் அடிப்படை அளவு.

இங்கே எல்லோரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. ஆட்டோ கட் விழுந்த பிறகு, சில்லறையைச் சரிக்கட்டுவதற்காகப் பங்க் ஊழியர் இன்னும் கொஞ்சம் அழுத்துவார். 28 லிட்டருக்கு ஒரு லிட்டர் பிழை என்றால் கணக்கு மூன்றரை சதவீதம் தவறிவிடும். நாம் தேடும் முன்னேற்றங்கள் சிலவே அந்த அளவுதான். அதோடு, வாய்வரை நிரப்பினால் ஆவியைப் பிடிப்பதற்கென வைத்துள்ள கரிப் பெட்டிக்குள் பெட்ரோல் புகுந்து அதைக் கெடுக்கக்கூடும். "முதல் கட்டோடு நிறுத்துங்கண்ணே" என்று நிரப்பும் முன்பே சொல்லிவிட வேண்டும். பிறகு சொல்லிப் பயனில்லை.

டயர் அளவு மாற்றப்பட்ட கார் என்றால் ஓடோமீட்டரையும் சோதிக்க வேண்டும். 175/65 ஆர்14 டயரின் விட்டம் ஏறத்தாழ 583 மில்லிமீட்டர். 185/70 ஆர்14 டயரின் விட்டம் 615. முன்னதைக் கழற்றிப் பின்னதை மாட்டினால், நூறு கிலோமீட்டர் ஓடியும் ஓடோமீட்டர் 95 மட்டுமே காட்டும். மைலேஜ் குறையாமலேயே குறைந்ததுபோலத் தோன்றும். நெடுஞ்சாலையில் இருபது கிலோமீட்டர் கற்களை எண்ணி ஓடோமீட்டரோடு ஒப்பிட்டால் இந்தப் பிழை எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

எதனோடு ஒப்பிடுகிறீர்கள் என்பதும் தெளிவாக இருக்க வேண்டும். விளம்பரத்தில் வரும் எண் ஆய்வகத்தில், வகுத்துவைத்த ஒரே ஓட்ட முறையில் பெறப்பட்டது. சாலையில் அதை எட்டுவதை இலக்காக வைத்தால் ஏமாற்றமே மிஞ்சும். ஐந்தாறு ஆண்டுகளுக்கு முந்தைய உங்கள் சொந்த எண்ணோடு ஒப்பிடுவதும் முழுச் சரியன்று, ஏனெனில் பெட்ரோலே மாறிவிட்டது. எத்தனாலில் லிட்டருக்கு உள்ள ஆற்றல் பெட்ரோலில் உள்ளதைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. கணக்குப் போட்டால், இருபது சதவீதம் எத்தனால் கலந்த இ20 எரிபொருளில், பத்து சதவீதம் கலந்ததைவிட லிட்டருக்கு மூன்றரை சதவீதம் ஆற்றல் குறைவாக இருக்கிறது. அந்த இழப்பை எந்த மெக்கானிக்காலும் மீட்டுத் தர முடியாது.

3. டயரில் காற்று

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டப்பட்டிருக்கும் தாளில் காற்றழுத்த அளவு இருக்கும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் எண் அந்த டயர் தாங்கும் உச்ச அளவு. அதை நிரப்பினால் பிடிப்புக் குறைந்து, டயரின் நடுப்பகுதி சீக்கிரம் தேயும்.

காலையில் கார் நகர்வதற்கு முன் அளக்க வேண்டும். ஓடிச் சூடான டயரில் அழுத்தம் கூடிக் காட்டும். பங்க்குக்குப் போய்ச் சேர்வதற்குள் டயர் சூடாகிவிடுகிறதே என்பவர்களுக்கு எளிய வழி: வீட்டில் குளிர்ந்த நிலையில் அளந்து எத்தனை பிஎஸ்ஐ குறைகிறது என்று எழுதிக்கொண்டு போய், பங்க்கில் அப்போது காட்டும் எண்ணோடு அந்தக் குறையை மட்டும் கூட்டி நிரப்பவும்.

காற்றுக் குறைந்த டயர் ஒவ்வொரு சுழற்சியிலும் அதிகமாக மடிந்து விரிகிறது. அந்த மடிப்பில் ஆற்றல் வெப்பமாகிப் போகிறது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை பார்ப்பது போதும். ஸ்டெப்னியையும் சேர்த்துப் பார்க்கவும். நைட்ரஜன் நிரப்பினால் மைலேஜ் கூடும் என்பதற்காகப் பணம் கொடுக்க வேண்டாம். சரியான அழுத்தத்தில் இருக்கும் சாதாரணக் காற்றுக்கும் அதற்கும் மைலேஜில் வேறுபாடு இல்லை.

4. சக்கரம் தடையின்றி உருள்கிறதா

இந்தப் படியை எல்லோரும் தவறவிடுகிறார்கள், நானும் தவறவிட்டேன். ஒரு மழைக்காலத்தில் காரைப் பத்து நாள் கை பிரேக் போட்டு நிறுத்தியிருந்தேன். அதன் பிறகு மைலேஜ் பதினைந்திலிருந்து பதின்மூன்றுக்கு இறங்கியது. இரண்டு மாதம் பெட்ரோலைக் குறை சொல்லிக்கொண்டு பங்க் பங்க்காக மாறினேன். ஒருநாள் பஞ்சர் ஒட்டும்போது, "பின்னாடி இடது டிரம் கொதிக்குதே சார்" என்று கடைக்காரர் கையை உதறியபோதுதான் விஷயம் புரிந்தது. கை பிரேக் கேபிள் துருப்பிடித்து, முழுவதும் விடுபடாமல் பிரேக்கை லேசாகப் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறது.

சோதிக்கும் முறை எளிது. பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, கடைசி ஒரு கிலோமீட்டரில் பிரேக்கை முடிந்தவரை தொடாமல், வேகம் தானாக இறங்க விட்டு நிறுத்தவும். ஒவ்வொரு சக்கரத்தின் நடுப்பகுதிக்கு அருகே புறங்கையைக் கொண்டுபோய் வெப்பத்தை உணரவும், தொட்டால் சுட்டுவிடும். முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிடச் சூடாக இருப்பது இயல்பு, ஆகவே இடதை வலதோடு மட்டுமே ஒப்பிட வேண்டும். ஒரு பக்கம் தெளிவாகச் சூடேறியிருந்தால் அங்கே பிரேக் பிடிக்கிறது.

முன்பக்கம் என்றால் பிரேக் தட்டை இறுக்கிப் பிடிக்கும் கேலிப்பரின் பின்னில் கிரீஸ் காய்ந்திருக்கும் அல்லது பிஸ்டன் இறுகியிருக்கும். பின்பக்கம் என்றால் கேபிளையும் டிரம்மையும் கழற்றிப் பார்க்கச் சொல்ல வேண்டும். இது பாதுகாப்புக்கும் உரிய வேலை என்பதால் தள்ளிப்போடக் கூடாது. நீண்ட நாள் நிறுத்துவதாக இருந்தால், சமதளத்தில் கை பிரேக்கை விட்டு, முதல் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்து நிறுத்துவது நல்லது.

சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் வீல் அலைன்மென்ட் இதற்குப் பிறகுதான். சஸ்பென்ஷன் புஷ்கள் (இணைப்புகளில் உள்ள ரப்பர் உறைகள்) தேய்ந்திருந்தால் அவற்றை முதலில் மாற்ற வேண்டும். தேய்ந்த புஷ்களோடு செய்த அலைன்மென்ட் சில வாரங்களில் கலைந்துவிடும்.

5. எஞ்சின்: வெப்பநிலை, ஆயில், பிளக்

முதலில் பார்க்க வேண்டியது தெர்மோஸ்டாட் வால்வு, அதாவது எஞ்சின் சூடாகும்வரை குளிர்விக்கும் திரவமான கூலன்டை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுக்கும் வால்வு. நம் ஊர் வெயிலுக்கு இது தேவையில்லை என்று சொல்லி அதைக் கழற்றிப் போட்டுவிடும் வழக்கம் பல பட்டறைகளில் இன்னும் இருக்கிறது. கழற்றினால் கூலன்ட் எந்நேரமும் ரேடியேட்டர் வழியாக ஓடி, எஞ்சின் தன் இயல்பான சூட்டை எட்டவே நேரமாகும். எஞ்சின் இன்னும் சூடாகவில்லை என்று எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி நினைத்துக்கொண்டு பெட்ரோலைக் கூடுதலாகச் செலுத்தும். ஓபிடி கருவியை மாட்டி, நெடுஞ்சாலையில் கால் மணி நேரம் சீராக ஓட்டிய பிறகு கூலன்ட் வெப்பநிலையைப் பார்க்கவும். பெரும்பாலான கார்களில் அது 85 டிகிரியை ஒட்டியோ அதற்கு மேலோ நிற்கும்; 70-ஐத் தாண்டாமல் ஊசலாடினால் வால்வு இல்லை அல்லது திறந்தபடியே சிக்கியிருக்கிறது.

அதே கருவியில் நீண்டகால எரிபொருள் திருத்தம் என்ற எண்ணும் தெரியும்; கணினி வழக்கமான அளவைவிட எவ்வளவு கூட்டியோ குறைத்தோ பெட்ரோல் செலுத்துகிறது என்பதே அது. பூஜ்யத்திலிருந்து ஐந்து சதவீதம் மேலோ கீழோ இருந்தால் கவலையில்லை. பத்தைத் தாண்டினால் காற்றுக் கசிவு, பழுதான ஆக்சிஜன் சென்சார், அடைத்த இன்ஜெக்டர் ஆகியவற்றில் ஒன்றைத் தேட வேண்டும். சென்சார்களை ஊகத்தின் பேரில் ஒவ்வொன்றாக மாற்றுவது பண விரயம். எண்ணைக் காட்டி மெக்கானிக்கிடம் பேசினால் உரையாடலே வேறு மாதிரி இருக்கும்.

எஞ்சின் ஆயில், கையேட்டில் சொன்ன கிரேடிலேயே இருக்க வேண்டும். பழைய வண்டிக்குக் கெட்டியான ஆயில்தான் நல்லது என்று 5டபிள்யூ-30 கிரேடு ஊற்ற வேண்டிய எஞ்சினில் அதைவிடக் கெட்டியான 20டபிள்யூ-50 ஊற்றினால், அந்தக் கெட்டியான ஆயிலைத் தள்ளுவதற்கே எஞ்சின் கூடுதலாக உழைக்க வேண்டும்.

ஸ்பார்க் பிளக்குகளைக் கையேட்டின் கெடுவில் மாற்றவும். ஏர் ஃபில்டர் அழுக்கானால் மைலேஜ் வெகுவாகக் குறையும் என்ற கார்புரேட்டர் காலத்து நம்பிக்கை இன்னும் நிலவுகிறது. இன்றைய இன்ஜெக்ஷன் எஞ்சினில் உள்ளே வரும் காற்றுக்கேற்பவே கணினி பெட்ரோலைச் செலுத்துவதால், அழுக்கான ஃபில்டர் பிக்கப்பைத்தான் முதலில் கெடுக்கும். மைலேஜை அவ்வளவாகப் பாதிக்காது. மாற்ற வேண்டிய நேரத்தில் மாற்றுங்கள், அதனிடம் அதிசயம் எதிர்பார்க்காதீர்கள்.

6. கூடுதலாகப் பொருத்தியதைக் கழற்றவும்

மேற்கூரைக் கேரியர் காலியாக இருந்தாலும் காற்றை எதிர்த்து நிற்கிறது. பயணம் முடிந்த அன்றே கழற்றிவிட வேண்டும். முன்பக்கக் கம்பித் தடுப்பு எடையைக் கூட்டுவதோடு, மோதலின்போது ஏர்பேக் விரிவதையும் குழப்பும். 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு அதற்குத் தடை விதித்துவிட்டது. அகலமான டயரும் கனமான அலாய் வீலும் பார்க்க அழகாக இருக்கும், ஒவ்வொரு முறை வேகமெடுக்கும்போதும் அந்த அழகுக்கு விலை கொடுக்க வேண்டியிருக்கும். டயர் தேய்ந்து மாற்றும் வேளையில் கம்பெனி அளவுக்கே திரும்புவதுதான் நான் பரிந்துரைக்கும் ஒரே மாற்றம். அப்போது உருளும் தடை குறைந்த வகையைக் கேட்டு வாங்கலாம்.

டிக்கியில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும் மூட்டைகளை இறக்கலாம். ஆனால் எடை குறைப்பதாக நினைத்து ஸ்டெப்னியையும் ஜாக்கியையும் வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். அப்படிப் போன ஒருவரை இரவு பதினொரு மணிக்கு விழுப்புரம் தாண்டி அழைத்துவரப் போன அனுபவம் எனக்கு உண்டு. அன்று நான் எரித்த பெட்ரோலை அவர் ஓராண்டிலும் மிச்சப்படுத்தியிருக்க மாட்டார்.

7. ஓட்டும் முறை

மேலே உள்ள படிகளை முடித்த பிறகு மூன்று டேங்க் அளந்துவிட்டு இங்கே வர வேண்டும். தனித்த ஒரு காரணமாகப் பார்த்தால் மைலேஜில் மிகப் பெரிய வேறுபாட்டை உண்டாக்குவது இதுதான், இதற்குச் செலவும் கிடையாது.

முதல் பாடம் பிரேக். ஆயிரம் கிலோ எடையுள்ள கார் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தை எட்டுவதற்குச் சுமார் 12 மில்லி லிட்டர் பெட்ரோல் செலவாகிறது. ஒரு மேசைக்கரண்டிக்குச் சற்றுக் குறைவு. பிரேக்கை மிதித்து நிறுத்தும்போது அந்த ஆற்றல் முழுவதும் தட்டில் வெப்பமாகப் போய்விடுகிறது. நகரத்துக்குள் ஒரு பயணத்தில் முப்பது முறை இப்படி நிறுத்தினால் மூன்றில் ஒரு லிட்டருக்கு மேல் போயிற்று. ஆகவே பிரேக்கை மிதிக்கும் தேவையையே குறைப்பதுதான் பயிற்சி.

சிவப்பு விளக்கு, ஸ்பீடு பிரேக்கர், முன்னே நிற்கும் பேருந்து, இவற்றில் எதையேனும் இருநூறு மீட்டருக்கு முன்பே கண்டவுடன் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும். கியரிலேயே இருக்கட்டும். இன்ஜெக்ஷன் எஞ்சினில் கியரில் இருந்தபடி காலை எடுத்தால் கணினி பெட்ரோலை முழுவதும் நிறுத்திவிடும். சக்கரங்களே எஞ்சினைச் சுழற்றும். நியூட்ரலில் தள்ளினாலோ, எஞ்சின் அணையாமல் இருப்பதற்காகப் பெட்ரோல் மறுபடியும் செலவாகும். நியூட்ரலில் உருட்டினால் மிச்சம் என்ற பழைய பழக்கம் இங்கே நேர்மாறாகிறது.

இறக்கத்தில் நியூட்ரல் ஆபத்தும்கூட. எழுபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கொல்லிமலைச் சாலையில், எஞ்சினின் பிடிப்பில்லாமல் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் பாதி வழியிலேயே பிரேக் சூடேறி வலுவிழக்கும். ஏறும்போது எந்தக் கியர் தேவையோ அதே கியரில் இறங்க வேண்டும். எஞ்சினையே அணைத்துவிட்டு இறங்குவது, பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் உள்ள துணை விசையை இழப்பதாகும். அதை எக்காரணத்துக்காகவும் செய்யக் கூடாது.

இரண்டாவது பாடம் கியர். மெதுவாக ஓட்டினால் மிச்சம் என்று எண்ணி, மூன்றாம் கியரில் நெடுநேரம் ஊர்பவர்கள் உண்டு. சமதளத்தில் எஞ்சின் நிமிடத்துக்கு 2000 சுற்று (ஆர்பிஎம்) சுழலும் அளவை ஒட்டி அடுத்த கியருக்குப் போய், வேகம் வந்ததும் காலை இளக்குவதே சரியானது. அதேசமயம் ஐந்தாம் கியரில் 40-ல் போய்க்கொண்டு, எஞ்சின் முனகி உதறும்போது ஆக்சிலரேட்டரை அழுத்துவதும் தவறு; உதறல் கேட்டால் ஒரு கியர் இறக்குங்கள். கிளட்ச் மிதியின் மேல் காலை வைத்தபடி ஓட்டும் பழக்கம் இருந்தால் அதை முதல் வாரத்திலேயே விட்டுவிட வேண்டும்.

மூன்றாவது, நெடுஞ்சாலை வேகம். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப் பெருக்கமாகக் கூடுகிறது: 80-லிருந்து 100-க்குப் போனால் எதிர்ப்பு 56 சதவீதம் அதிகம். திருச்சியிலிருந்து மதுரைவரை சுமார் 130 கிலோமீட்டர். சீராக 100-ல் போனால் 78 நிமிடம், 80-ல் போனால் 98 நிமிடம். சுங்கச்சாவடி, லாரி வரிசை, தேநீர் எல்லாம் சேர்ந்தால் அந்த இருபது நிமிட வேறுபாடும் சுருங்கிவிடும். 80-க்கும் 85-க்கும் இடையே, இடது பக்கப் பாதையில், கால் அசையாமல் போவதே என் வழக்கம். பின்னிருக்கையிலிருந்து முதல் இரண்டு பயணங்களுக்கு முணுமுணுப்பு வரும். பிறகு அவர்களே தூங்கிவிடுவார்கள்.

நான்காவது, நின்றபடி ஓடும் எஞ்சின். சிக்னல் எண்பலகையில் முப்பது நொடிக்கு மேல் மீதமிருந்தால் அணைத்துவிடலாம். பேட்டரி பலவீனமாக இருக்கும் காரில் இதைச் செய்யாதீர்கள், நடுச்சாலையில் தள்ள வேண்டியிருக்கும். காலையில் ஐந்து நிமிடம் எஞ்சினைச் சூடாக்கும் வழக்கமும் தேவையில்லை. அரை நிமிடம் கழித்துக் கிளம்பி, முதல் இரண்டு கிலோமீட்டர் மென்மையாக ஓட்டினால் போதும். மூன்று சிறு வேலைகளுக்குத் தனித்தனியாக வெளியே போவதைவிட ஒரே சுற்றில் முடிப்பது நல்லது, குளிர்ந்த எஞ்சின்தான் அதிகம் குடிக்கிறது.

8. ஏசி

மே மாதத்தில் ஏசியை அணைத்து ஓட்டச் சொல்லும் அறிவுரையை யாரும் ஒரு வாரத்துக்கு மேல் பின்பற்றுவதில்லை, வியர்த்துக் களைத்த ஓட்டுநர் கவனமாகவும் ஓட்டமாட்டார். நிழலில் நிறுத்துங்கள், கிளம்பியதும் ஒரு நிமிடம் கண்ணாடிகளை இறக்கிச் சூட்டை வெளியேற்றிவிட்டு, பிறகு ஏசியை உட்காற்றுச் சுழற்சியில் போடுங்கள். நகரத்தில் மெதுவாகப் போகும்போது கண்ணாடியைத் திறந்து போகலாம். நெடுஞ்சாலையில் திறந்த கண்ணாடி காற்று எதிர்ப்பைக் கூட்டும் என்பதால் மூடிக்கொண்டு ஏசியில் போவதே மேல்.

9. வாங்கக் கூடாதவை

பெட்ரோல் குழாயில் கட்டும் காந்தம், ஹைட்ரஜன் வாயுப் பெட்டி, ஓபிடி முனையில் செருகும் மைலேஜ் சிப் ஆகிய எதுவும் வேண்டாம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இத்தகைய கருவிகளில் நூற்றுக்கும் மேற்பட்டவற்றை ஆராய்ந்தும், மைலேஜைக் குறிப்பிடத்தக்க அளவு கூட்டும் ஒன்றைக்கூடக் கண்டதில்லை. நண்பர் ஒருவர் வாங்கிய சிப்பைப் பிரித்துப் பார்த்தோம்: மூன்று சிறு விளக்குகளும் அவற்றை மினுக்குவதற்கான ஒரு சில்லும் மட்டுமே உள்ளே இருந்தன. காரின் கணினியோடு பேசும் கம்பிகள் எங்கும் இணைக்கப்படவே இல்லை.

சிஎன்ஜி (அழுத்தப்பட்ட இயற்கை எரிவாயு) மாற்றம் கிலோமீட்டருக்கான செலவைக் குறைக்கும். அது வேறு கணக்கு. அதில் இறங்குவதானால் அங்கீகரிக்கப்பட்ட கிட்டாக இருக்க வேண்டும். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஆர்சி புத்தகத்திலும் பதிவு செய்ய வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இதைப் பற்றியதே. பதிவு செய்யாத மாற்றம் இருந்தால் காப்பீட்டுக் கோரிக்கையும் சிக்கலாகும்.

10. மறுபடியும் அளக்கும்போது

அடிப்படை அளவு எடுத்த அதே பங்க், அதே அன்றாட வழி, இயன்றவரை அதே பருவம். ஏப்ரலில் ஏசியோடு எடுத்த எண்ணை டிசம்பர் எண்ணோடு ஒப்பிட்டு மகிழ்வதில் பொருளில்லை. மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓடும் காரில் 14 என்பது 17 ஆனால், 71 லிட்டருக்குப் பதில் 59 லிட்டர் போதும். லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தால் மாதம் ஏறத்தாழ 1,250 ரூபாய்.

நோட்டில் எழுதுவதை நிறுத்திவிட வேண்டாம். பிறகு என்றாவது இரண்டு டேங்க் தொடர்ந்து பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்தால், முதலில் டயர் காற்று, அடுத்து சக்கரச் சூடு, அதன் பின் கூலன்ட் வெப்பநிலை என்ற வரிசையில் பாருங்கள். முதல் இரண்டுக்கும் பட்டறைக்குப் போக வேண்டியதே இல்லை.